வைரஸ் போட்ட பூட்டு

காசநோய்க்கு மாத்திரை எடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், முதல் நாள் பயமாக இருக்கும் என்பார்கள். அந்த நிறம் ரிஃபாம்பிசின் என்ற மருந்தினுடையது. அது நிறுத்துவது பாக்டீரியாவுக்குள் ஓடும் ஓர் இயந்திரத்தை. பெயர் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். அதே இயந்திரத்தை நிறுத்தும் வித்தை வைரஸ்களுக்கும் தெரியும். நான் படிப்பது பி.காம். தான், ஆனாலும் இந்தக் கதையை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் தடயம் நம் நாட்டில்தான் கிடைத்தது. 1896ல் ஆக்ராவில் வேலை பார்த்த எர்னஸ்ட் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர், கங்கை, யமுனைத் தண்ணீர் காலரா கிருமியைக் கொல்கிறது, கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்று எழுதினார். 1917ல் பாரிஸில் டெரெல் என்பவர் பாக்டீரியாவை அழிக்கும் வைரஸுக்கு பாக்டீரியோஃபாஜ் என்று பெயர் வைத்தார். ஹாங்கின் பார்த்ததும் இதன் வேலைதான் என்று பலர் நினைக்கிறார்கள்.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். டி.என்.ஏ.வை மூலப் பத்திரம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு நகல் எடுத்துத் தருவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். 1960ல் அமெரிக்காவில் சில ஆய்வுக்கூடங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இதைக் கண்டுபிடித்தன. நகல் இல்லையென்றால் புரதம் இல்லை, புரதம் இல்லையென்றால் பாக்டீரியா இல்லை.

டி7 என்று ஒரு வைரஸ். நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் தன் டி.என்.ஏ.வைச் செலுத்தும். முதலில் பாக்டீரியாவின் இயந்திரத்தை வைத்தே தன் ஆரம்ப நகல்களை எடுத்துக்கொள்ளும். அதில் அதற்குச் சொந்தமாக ஒரு பாலிமரேஸ் கிடைத்துவிடும். இப்போது ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்! பழைய இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தால் வைரஸின் வேலை கெடும். அதனால் ஜி.பி.2 என்ற புரதத்தைச் செய்து பழையதைப் பூட்டிவிடுகிறது. எங்கள் பாடத்தில் வரும் கம்பெனி கைப்பற்றல் எல்லாம் இதன் முன்னால் சும்மா.

ஜி.பி.2வில் இருப்பவை 64 அமினோ அமிலங்கள் மட்டுமே. இயந்திரமோ எடையில் அதைப்போல ஐம்பது மடங்குக்கு மேல். 2012, 2013ல் வந்த அமைப்புப் படங்கள்தான் பூட்டு எங்கே விழுகிறது என்று தெளிவாகக் காட்டின. நியூயார்க்கின் சேத் டார்ஸ்ட், லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சிவரமேஷ் விக்னேஸ்வரராஜ் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். இயந்திரத்தின் தாடைப் பகுதியில் ஜி.பி.2 உட்கார்கிறது. டி.என்.ஏ. நுழையும் வழியிலிருந்து விலகிக் கொடுக்க வேண்டிய, சிக்மா என்ற துணைப் புரதத்தின் ஒரு துண்டு, அங்கேயே மாட்டிக்கொள்கிறது. வாசல் அடைபட்டது.

இப்படிப்பட்ட படம் சரியா என்று சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படுவது ராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்பதை ஜி.என். ராமச்சந்திரன் குழு சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டு 1963ல் வெளியிட்டது. பிறகு அவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போய் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். ஓசூரிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போய்வரும் அதே பெங்களூர். பிற்காலத்தில் அந்தத் துறையில் திபங்கர் சாட்டர்ஜி இதே பாலிமரேஸின் ஒமேகா என்ற மிகச் சிறிய உறுப்பை ஆராய்ந்தார். நெடுநாள் அதை ஒரு பொருட்டாகவே யாரும் மதிக்கவில்லை.

இதெல்லாம் நமக்கு எதற்கு? ஷிப்ட் முடிந்து ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கிற சிப்காட் ஊர் இது. ஒருவர் இருமினால் எல்லோருக்கும் ஆபத்து. ரிஃபாம்பிசின் ஒட்டும் இடம் பாலிமரேஸின் பீட்டா உறுப்பில் இருக்கிறது. அந்த உறுப்புக்கான மரபணுவின் சிறு துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் மருந்து ஒட்டாமல் போகலாம். அரசு மருத்துவமனைகளில் சளியை எடுத்து சிபிநாட் சோதனை செய்கிறார்களே, அது தேடுவது இந்த மாற்றத்தைத்தான். சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும்.

இயந்திரத்தில் வேறு இடத்தில் பூட்டுப் போட்டாலும் அது நிற்கும் என்பதற்கு ஜி.பி.2 சாட்சி. அதையே மாத்திரையாகத் தர முடியாது, புரதத்தை வயிறு செரித்துவிடும். ஃபிடாக்சோமைசின் என்ற மருந்தும் ரிஃபாம்பிசின் தொடாத வேறோர் இடத்தில்தான் பாலிமரேஸைப் பிடிக்கிறது. 2011ல் அமெரிக்காவில் ஒரு குடல் தொற்றுக்காக அனுமதி பெற்றது. ஆய்வுக்கூடத்தில் காசநோய்க் கிருமியையும் அது தடுக்கிறது. ஆனால் விழுங்கினால் குடலோடு நின்றுவிடுகிறது, ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போய்ச் சேருவதில்லை.