தூக்குவாளிக் கஞ்சியும் தீக்காயமும்



2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்று நண்பகல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய நாற்பது உயிர்கள் போயின. பிழைத்தவர்களைச் சிவகாசி, விருதுநகர், மதுரை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார்கள். தீக்காய வார்டு வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் சொந்தக்காரர்களை நம் பக்கத்தில் பார்க்காதவர் யார்? வாளிக்குள் இளநீர் இருக்கும், இல்லையென்றால் கஞ்சி.

தீக்காயத்தில் முதல் ஆபத்து, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்துபோவது. 1942-இல் பாஸ்டன் கோகனட் குரோவ் விடுதித் தீயில் 492 பேர் மாண்ட பிறகு இது மேலும் ஆழமாக ஆராயப்பட்டது. நரம்பில் நீர் ஏற்றிப் பலரைக் காப்பாற்றினார்கள். ஆனால் பிழைத்தவர்கள் வாரக்கணக்கில் மெலிந்தார்கள். புண்ணை ஆற்ற உடம்பு தன் சதையையே கரைக்கிறது.

1974-இல் கர்ரேரி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார். எடையில் கிலோவுக்கு 25 கலோரி, வெந்த பரப்பில் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 40. போட்டுப் பாருங்கள்: 50 கிலோ ஆள், 40 சதவீதக் காயம். 1250 + 1600 = 2850. (இது சற்று அதிகம் என்று பின்னால் வந்தவர்கள் குறைத்தார்கள்.)

வடிகஞ்சி டம்ளருக்கு நூறு கலோரிகூடத் தேறாது. முப்பது டம்ளர் குடித்தாலும் புரதம் போதாது. அதனால்தான் வார்டில் பால், முட்டை என்று கேட்கிறார்கள். விழுங்க முடியாதவருக்கு மூக்குவழிக் குழாயில் சத்துக்கரைசலைச் சிறுகச் சிறுக விடுகிறார்கள். முட்டை கொடுத்தால் புண் சீழ்பிடிக்கும் என்று கையைத் தடுக்கும் பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.