புகைபோக்கி முதல் பொயிலர் வரை

சித்திரை பிறந்தும் இந்த நாட்டுக் குளிர் எங்களை விடுவதாயில்லை. ஊரில் மாமர நிழல் தேடும் மாதத்தில், இங்கே றேடியேற்றரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். "மேல் அறை சூடாகுதில்லை", "பொயிலர் சத்தம் போடுது" என்பது எங்கட வீடுகளில் அடிக்கடி கேட்கும் கதை. பிரித்தானியாவில் எம்மவர் பலர் குடியிருப்பது நூறாண்டு கடந்த வீடுகளில். அவ்வீடுகளுக்குள் சூடு வந்த வரலாறு தெரிந்தால், பிழை எங்கே என்பது பாதி விளங்கிவிடும். ஆபத்து எங்கே என்பதும் விளங்கும்.

ஓரிடத்தில் நெருப்பு மூட்டிப் பல அறைகளைச் சூடாக்கும் முறையை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் உரோமர். தரையைச் சிறு தூண்களின் மேல் உயர்த்தி, அடியில் சூடான காற்றைச் செலுத்தினார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோம ஆட்சி முடிய, அந்தக் கலையும் மறைந்தது. பின்னர் பல நூற்றாண்டுகள் சாதாரண சனங்களுக்குக் கணப்பு நெருப்புத்தான். விக்டோரியா மகாராணி காலத்து (1837-1901) வீடுகளின் கூரையில் வரிசையாக நிற்கும் புகைபோக்கிகள் அதற்குச் சாட்சி.

அந்த நிலக்கரிப் புகை ஒருநாள் உயிர் குடித்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டனைப் புகைமூட்டம் மூடியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர் என முதலில் கணித்தார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதன் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1965இல் வடகடலில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. 1967 முதல் 1977 வரை வீடு வீடாகச் சென்று, அடுப்புகளையும் ஹீற்றர்களையும் புதிய வாயுவுக்கு ஏற்ப மாற்றினார்கள். நடுவண் ஹீற்றிங் சாதாரண வீடுகளில் பரவியதும் இக்காலத்தையொட்டித்தான்.

ஆனால் வீடுகள் பழையவை. பலகைத் தரைக்குக் கீழே குழாய், பரணில் தண்ணீர்த் தொட்டி, சில வீடுகளில் பழைய கணப்புக் குழிக்குள்ளேயே பொயிலர் என ஒட்டுப்போட்டுத்தான் பூட்டினார்கள். பிழைகளும் இந்த ஒட்டுகளில்தான் வருகின்றன.

ஊரில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். பம்மில் காற்றுப் பிடித்தால் தண்ணீர் வராது. றேடியேற்றரும் அப்படித்தான். மேற்பாதி குளிர்ந்து கீழ்ப்பாதி சூடாக இருந்தால், உள்ளே காற்று நிற்கிறது. ஹீற்றிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, கீழே துணி பிடித்து, அதற்கென்றுள்ள சிறு திறப்பால் மெல்லத் திருகினால் காற்றுச் சீறி வெளியேறும். தண்ணீர் வந்ததும் இறுக்க வேண்டியதுதான். கீழ்ப்பாதி குளிர்ந்து மேற்பாதி சூடென்றால், பல வருடத் துரு கறுத்த சேறாகி அடியில் படிந்திருக்கிறது. அதைக் கழுவ ஆள் வேண்டும்.

மாடியிலுள்ள எல்லா றேடியேற்றரும் குளிர்ந்து, கீழே மட்டும் சூடு என்றால் பரணிலுள்ள சிறிய தொட்டியைப் பாருங்கள். மிதவை இறுகித் தொட்டி வற்றியிருக்கக்கூடும். பொயிலர் சூடாகியும் ஒரு றேடியேற்றரும் சூடாகவில்லையென்றால் பம்மைச் சந்தேகிக்கலாம். முன்னர் சூடான நீர் இலேசாகித் தானாகவே மேலேறியது. அதற்குத் தடித்த குழாய்கள் வேண்டியிருந்தன. 1950களில் சிறிய மின்பம் புழக்கத்துக்கு வர மெல்லிய குழாய் போதுமாயிற்று. கோடை முழுக்க ஓடாமல் கிடந்த பம் இறுகி நிற்பது வழமை.

நாங்கள் கை வைக்கக்கூடியது இந்தத் தண்ணீர்ப் பக்கம் மட்டுமே. காஸ் பக்கம் வேறு கதை. நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய வாயுவில் காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு கலந்தேயிருந்தது. வடகடல் வாயுவில் அது இல்லை. ஆனால் போதிய காற்றில்லாமல் எரிந்தால் அதே நஞ்சு உண்டாகும். கணப்புக் குழியில் பூட்டிய பழைய பொயிலர் அறைக் காற்றையே எடுத்து எரிகிறது. அதற்காகத்தான் சுவரில் காற்றுத் துவாரம் விட்டிருக்கிறார்கள். குளிர்காற்று வருகுதென்று அதைச் சீலையாலோ கடதாசியாலோ அடைக்கும் பழக்கம் எங்கட ஆக்களிடம் உண்டு. அது பிள்ளைகள் படுக்கும் வீட்டுக்குள் நஞ்சைக் கூப்பிடுவதற்குச் சமம். இந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

நீலச் சுவாலை மஞ்சளாவது, சுவரில் கரி படிவது, வீட்டுக்குள் தலையிடியும் குமட்டலும் வந்து வெளியே போனால் சுகமாவது ஆகியவை அடையாளங்கள். உடனே பொயிலரை நிறுத்தி, யன்னல்களைத் திறந்து, எல்லாரும் வெளியேறி 0800 111 999 என்ற இலவச அவசர எண்ணுக்கு அறிவியுங்கள். சுகமில்லாதவரை வைத்தியரிடம் காட்டுங்கள்.

வாடகை வீடானால், வருடமொருமுறை காஸ் சேவ் பதிவு பெற்ற தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு சோதித்து, அந்தப் பத்திரத்தின் பிரதியைத் தருவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அது அவர் செய்யும் உபகாரமல்ல, கேட்டு வாங்குங்கள். நஞ்சு வாயுவை அறிவிக்கும் அலாரமும் வீட்டில் இருக்கட்டும். ஆங்கிலம் தெரியாமல் அண்மையில் வந்த குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால், இந்தப் புத்தாண்டில் கைவிசேடத்தோடு போய் அவர்கள் வீட்டுக் காற்றுத் துவாரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.