மலேசியத் தமிழரும் நாட்டுப்பற்றும்

மலாயாத் தமிழரின் நாட்டுப்பற்று இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை இந்தியாவை நோக்கியே இருந்தது. கங்காணி மூலம் ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர், நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்திலேயே நாளைக் கழித்தனர்.

ஆனால் மலாயா மண்ணில் மானத்தோடு வாழும் கோரிக்கையும் இந்த இந்தியப் பற்றின் வழியாகவே எழுந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பள உயர்வு மட்டும் கேட்கவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கமும் ஒழிய வேண்டும் என்றனர். அவர்கள் காந்தி குல்லா அணிந்தது நிர்வாகத்தின் கண்ணை உறுத்தியது. அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் மே மாதம் கைதானார். கலவரம் மூண்டு, துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

1943இல் சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்றுத் தோட்டத்து ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தோன்றிய மலாயா இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) பெயரிலேயே இந்தியக் காங்கிரஸைத் தாங்கியிருந்தது. அதன் முதல் தலைவர் ஜான் திவி மறு ஆண்டே இந்திய அரசின் பிரதிநிதியாக மலாயாவில் பொறுப்பேற்றார். அக்காலத்தில் அது யாருக்கும் முரணாகப் படவில்லை.

1955இல் ம.இ.கா. தலைவரான வீ. தி. சம்பந்தன் காலத்தில் இந்தப் பற்றின் திசை மாறியது. மலாயா விடுதலை பெற்ற 1957 ஆகஸ்டு 31 முதல் இங்கே பிறந்தோர், அன்றைய சட்டப்படி, பிறப்பாலேயே குடிமக்களாயினர். முன்பே பிறந்த, குடியேறிய பலரோ விண்ணப்பித்து, விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. எழுத்தறியாத தோட்ட மக்களில் பலர் அதைச் செய்யாமலே விட்டனர். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும், பல்லாயிரம் பேர் கப்பலேறினர். தங்கியவர்களில் பலரின் கையில் குடியுரிமையற்ற நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையே மிஞ்சியது. 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்கூன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாட்டின் இரண்டாம் கோட்பாடு மன்னருக்கும் நாட்டுக்கும் விசுவாசம். தமிழ்ப்பள்ளி மாணவர்களும் அதை மலாய் மொழியில் உறுதிமொழியாகச் சொல்லி வளர்ந்தனர்.

2007 நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராஃப் என்னும் இந்து உரிமை இயக்கம் கோலாலம்பூரில் திரட்டிய கூட்டத்தில் காந்தி படங்கள் மீண்டும் தென்பட்டன. கேட்டதோ மலேசியக் குடிமக்களுக்குரிய உரிமை. விண்ணப்பம் பிரிட்டிஷ் அரசிக்கு எழுதப்பட்டிருந்தாலும், அடி விழுந்தது உள்நாட்டு அரசியலில்: 2008 தேர்தலில் ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையை இழந்தது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சம்பந்தன் பெயர் தாங்கிய சாலையை ஒட்டிய ‘லிட்டில் இந்தியா’வை 2010இல் இந்திய, மலேசியப் பிரதமர்கள் இருவரும் திறந்துவைத்தனர். அதே சாலையில் 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் 2014இல் வெளியானபோது, எதிர்த்தவர்கள் அதை மலேசியாவின் பாரம்பரியச் சின்னமாகக் காக்கும்படி வாதாடினர். அரசு பின்னர் அவ்வாறே அறிவித்தது.