கடாரத்துக் கப்பிச் சாலை

பழந்தமிழர் கடாரம் என வழங்கிய கெடாவின் வடபகுதி, நெல் விளையும் தாழ்நிலமாகும். அலோர் ஸ்டார் நகரை அடுத்த மெர்கோங் வட்டாரமும் அத்தகையதே. களிமண் படிந்த இந்நிலத்தில் மழைக்காலத்தே வண்டிச் சக்கரம் புதையும். ஆதலின், முற்காலத்தில் நீர்வழிகளே பெருவழிகளாயின. முதலமைச்சர் வான் முகம்மது சமான் 1885-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், அலோர் ஸ்டாரையும் குரூணையும் இணைத்தது. இந்நிலத்தில் சாலை அமைத்தல் எளிய செயலன்று.

சாலைக் கலையில் புதுநெறி கண்டவர் ஸ்காத்லாந்து நாட்டு ஜான் லவுடன் மெக்காடம் (1756-1836). உடைத்த சிறு கற்களைப் பரப்பினால், வண்டிகளின் பாரத்தால் அவை ஒன்றையொன்று கௌவி நிற்கும் என்பது அவர் கொள்கை. மண் கலத்தலை அவர் விலக்கினார். பின்வந்தோரோ, கல்லிடுக்குகளில் கல்தூளும் சரளை மண்ணும் இட்டு, நீர் தெளித்து, உருளையால் அழுத்தினர். தமிழகத்தில் கப்பிச் சாலை எனப்படுவது இதுவே.

இச்சாலையில் பிணைப்புப் பொருள், நிலம் தந்ததே. ஈரம் பட்டு அழுந்திய நுண்தூள் கற்களை இறுகப் பற்றும். கருங்கல் தூளினும் சுண்ணாம்புக்கல் தூளுக்கு இவ்வியல்பு மிகுதி. கெடாச் சமவெளியில் தனித்து நிற்கும் கெரியாங் குன்று சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மேட்டு நிலங்களில் கிடைப்பது இரும்புச்சத்து மிக்க துருக்கல். மலையாள நாட்டில் இதனைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், செங்கல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு 1807-இல் 'லேட்டரைட்' எனப் பெயரிட்டார். வெட்டும்போது மென்மையும், காற்றில் உலர்ந்தபின் வன்மையும் உடையது இக்கல். தோட்டங்களின் செம்மண் சாலைகளுக்கு உதவியது இதன் சரளையே.

கல் தானே உடைவதில்லை. நீரிணைக் குடியேற்றங்களில் 1873 வரை, இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட கைதிகள் சாலை அமைத்தனர். பின்னர் மலாயாவின் பொதுப்பணித் துறையில் கல்லுடைத்துச் சாலை இட்டவருள் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். தொழிலாளரை இங்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடுக்கும்வரை, தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்தவண்ணம் இருந்தனர்.

மோட்டார் வண்டி வந்தபின் கப்பிச் சாலை தளர்ந்தது. விரைந்தோடும் சக்கரம், கற்களைப் பிணைத்த தூளையே கிளப்பிச் சிதறடித்தது. கற்பரப்பின்மேல் தார் பூசும் முறை அதனால் பரவியது. கல்லைப் பற்றியிருந்த மண்ணின் கதை தாருக்கடியில் மறைந்தது போலவே, அதனை இட்டவர் கதையும் மறைந்து வருகிறது. கல்லுடைத்தவர் தம் கைப்பட எழுதி வைத்தவை அரியன. பிள்ளைகளுக்கு வாய்மொழியாகச் சொல்லிச் சென்றவையே மிகுதி. அவற்றைக் கேட்டெழுதச் செய்தல், வரலாறு கற்பிக்கும் தமிழாசிரியர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.