சிரம்பையடி மஞ்சாவும் செவிவழிக் கல்வியும்

புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் பாடலும் ஆடலும் மஞ்சா எனப்படும். இலங்கையின் இசை வரலாற்றை எழுதுவோர் பைலாவைப் பற்றிப் பேசுமிடத்து இதனை ஒரு வரியிற் சுட்டிவிட்டு அப்பாற் செல்வர். ஓர் இசை மூத்தோரிடமிருந்து இளையோருக்குச் செல்லுங்கால் எது தங்குகின்றது, எது நழுவுகின்றது என்னும் வினாவினை ஆராய்வோருக்கோ இச்சிற்றூர் பெரிதும் பயன்படத்தக்கது.

போர்த்துக்கேயரும், அவர்க்குப் பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் படைவீரராகவும் இத்தீவுக்குக் கொணர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் தம் ஆபிரிக்கப் படைப்பிரிவைக் கலைத்தபோது, புத்தளத்தில் நிலைகொண்டிருந்த வீரருட் சிலர் செல்லன்கண்டற் பகுதியிற் குடியமர்ந்தனர். சிரம்பையடி மக்கள் இவர்தம் வழியினர். காப்பிரி என்னும் பெயர் தென்னாபிரிக்காவிற் கொடிய இழிசொல். இங்கோ அம்மக்கள் தமக்குத் தாமே வழங்கிவந்த பெயர். வெவ்வேறு மொழி பேசியோரை இணைத்தது போர்த்துக்கேயக் கிரியோல் மொழியாகும். 1658இல் போர்த்துக்கேயர் ஆட்சி நீங்கிய பின்னரும் அம்மொழி இத்தீவில் நெடுங்காலம் வழங்கிற்று.

மஞ்சாப் பாடல்கள் அம்மொழியில் அமைந்தவை. ரபான், சிரட்டை, கரண்டி, போத்தல் என வீட்டிற் கிடைப்பனவே பெரும்பாலும் வாத்தியங்கள். சில வரிகளே மீண்டும் மீண்டும் வரும். மெல்லத் தொடங்கும் பாட்டு படிப்படியாக விரைந்து, ஈற்றில் ஆட்டமும் கைதட்டும் பிரிக்கவொண்ணாத வேகத்தை எய்தும். ஏட்டின் துணையோ இசைக்குறியீடோ இன்றி, மூத்தோர் பாடக் கேட்டே இளையோர் இதனைக் கற்றனர். இன்று அவ்வூரவரின் அன்றாட மொழி சிங்களம். கிரியோல் மறைந்தமையால், பாடுவோருக்கே பல வரிகளின் பொருள் முழுமையாக விளங்குவதில்லை. பொருள் போயும் பாட்டு நின்றது. இதுவே நம் சிந்தனைக்குரியது.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கு பணியாற்றிய ஹியூ நெவில் திரட்டிய ஏடுகளுள் கிரியோற் பாடல்களும் உள. அவை இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தைச் சேர்ந்தன. ஆய்வாளர் ஷிஹான் டி சில்வா ஜயசூரியா அவற்றை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அங்கே சொல் உண்டு. அதனைப் பாடிய குரல் இல்லை. ஏடு காத்தது ஒன்று, ஊர் காத்தது பிறிதொன்று.

ஐபீரியத் தீபகற்பத்தின் தென்பாலுள்ள அந்தலூசியாவின் பிளமெங்கோ கிட்டாரும் இவ்வினாவை எழுப்புவதே. கொம்பாஸ் எனப்படும் தாளவட்டம், பல வகைகளிற் பன்னிரண்டு அடிகளைக் கொண்டது, அதன் உயிராகும். பக்கோ தெ லூசியா (1947–2014) தந்தையிடமும் தமையனிடமும் வீட்டிலேயே பயின்றார். சபிக்காஸோ (1912–1990) பெரும்பாலும் தாமே பயின்றவர் என்பர். ஆயின் அவரும் பாடகர் பலருக்குப் பக்கவாத்தியம் வாசித்தே தேறினார். ஆசிரியன் இல்லாதிருந்தும் அவைக்களம் இருந்தது. இன்று இணையவழிப் பாடங்களில் விரல் வைக்கும் இடத்தை நூறுமுறை நிறுத்திப் பார்க்கலாம். எந்த ஆசிரியனுக்கும் அத்துணைப் பொறுமை இராது என்பதை ஒப்பத்தான் வேண்டும். ஆனால் பாடகன் மூச்சை நீட்டும்போது காத்துநிற்கத் திரை கற்பிப்பதில்லை.

நம் கூத்து மரபும் இதனை அறிந்ததே. 1962இல் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போரை மேடையேற்றியபோது, ஏட்டுப்பிரதி மட்டும் போதும் என்றிருக்கவில்லை. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரின் துணையை நாடினார்.

எனினும் நேர்முகக் கல்வியை அளவுக்கு மீறிப் போற்றுதலும் தவறு. ஒரு தலைமுறை கற்காதொழியின் அச்சங்கிலி அறுந்துவிடும். சில குடும்பங்களையே நம்பிநிற்கும் மஞ்சாவுக்கு இவ்வச்சம் பிறவற்றிலும் மிகுதி. ஆதலால் ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் வேண்டற்பாலன. அவற்றைக் கேட்டுச் சொற்களையும் மெட்டையும் மீட்டல் கூடும். கிரியோல் அறிந்தோர் பொருளையும் மீட்டுத்தரல் கூடும். மீட்கவொண்ணாதது ஒன்றுண்டு. பதிவில் மஞ்சா எத்தனை முறை ஒலிப்பினும் ஒரே இடத்தில் விரையும், ஒரே இடத்தில் முடியும். முற்றத்தில் அது எப்பொழுது விரைவதென்பதை ரபான் அடிப்பவளும் ஆடுபவளும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி அன்றன்று முடிவு செய்கின்றனர்.