ஒரு நாள் தண்ணி, ஆயிரம் வருஷத்து ஊர்

இன்னைக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தையில இருந்து ஆரம்பிக்கலாம்: எஃபெமரல். சீக்கிரமே மறைஞ்சு போற எதையும் அப்படிச் சொல்வாங்க. 24 மணி நேரத்துல காணாமப் போற இன்ஸ்டா ஸ்டோரி மாதிரி.

நான் இந்த வார்த்தையை முதல்ல பார்த்தது ஒரு நீரியல் மேப்புல. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவுல, சின்ன வயசுல நான் மணல்ல விளையாடின ஓடையை விட்டுவிட்டு வரைஞ்ச கோடா காட்டி, 'எஃபெமரல்'னு போட்டிருந்தாங்க. 'அற்பாயுசு'ன்னு திட்டின மாதிரி இருந்தது.

வார்த்தையோட வேர் கிரேக்கம். 'ஹெமெரா'ன்னா நாள். ஹிபானிஸ் ஆத்தங்கரையில ஒரே நாள் வாழ்ற பூச்சியைப் பத்தி எழுதின அரிஸ்டாட்டில், அதை இந்தப் பேராலதான் சொல்றார். நமக்கு ஈசல் ஞாபகம் வரும்.

இந்த வார்த்தை ஆத்துக்கு எப்படி வந்தது? 1923-ல அமெரிக்க நிலத்தடி நீர் அறிஞர் ஆஸ்கர் மைன்சர், ஓடைகளை மூணா பிரிச்சார்: வருஷம் முழுக்க ஓடுறது, சில காலம் மட்டும் ஓடுறது, எஃபெமரல். மூணாவது வகையில, நிலத்தடி நீர்மட்டம் எப்பவும் ஓடையோட தரைக்குக் கீழதான் இருக்கும். ஊத்துத் தண்ணி வராது; மழை பெய்ஞ்சாத்தான் ஓட்டம்.

கவனிங்க, இதுல குறுகிய ஆயுசு தண்ணிக்குத்தான். தடத்துக்கு இல்ல.

இதுக்கு சாட்சி திருச்சுழி. பக்கத்துல ஓடுற குண்டாறு பெரும்பாலான மாசம் வெறும் மணல். ஆனா அங்க இருக்கிற சிவன் கோயிலைச் சுந்தரர் தேவாரத்துல பாடியிருக்கார். ஊருக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல வயசு. ரமண மகரிஷி 1879-ல பிறந்ததும் இங்கதான்.

சில நாள் தண்ணியை வச்சு இந்தச் சீமை எப்படிப் பிழைச்சது? கண்மாயாலதான். ஐப்பசி, கார்த்திகை மழையில ஓடை கொண்டு வர்றதைக் கரை கட்டித் தேக்கினாங்க. ஒரு கண்மாய் நிறைஞ்சா மறுகால் பாய்ஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும். சில நாள் ஓட்டம், பல மாசத்து விவசாயம்.

அதனாலதான் அந்த வார்த்தையைத் தப்பாப் புரிஞ்சுக்கிறது ஆபத்து. 'தண்ணியே வராத ஓடைதானே'ன்னு குப்பை கொட்டுறோம், மண்ணைப் போட்டு மூடுறோம், பிளாட் போடுறோம். நான் விளையாடின ஓடையில இப்போ கல் நட்டிருக்கு. அடுத்த பெருமழைக்குத் தண்ணி பழைய தடத்தைத் தேடித்தான் வரும். வீட்டுக்குள்ள வெள்ளம்; கீழ இருக்கிற கண்மாய் காலி.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, பாலத்துல ஒரு நிமிஷம் நின்னு கீழ பாருங்க. மணல்தான் தெரியும். அதுவும் ஆறுதான்.