புதுச்சேரியில் வாரிசுத் துப்பாக்கிகள்: மதிப்பும் விற்பனையும்

பரம்பரையாக வந்த வேட்டைத் துப்பாக்கியின் விலையை இந்தியாவில் இரண்டு காரணங்கள் தீர்மானிக்கின்றன: செய்தவரின் கைத்திறன், வைத்திருப்பவரின் உரிமம். லண்டன் ஏலக்கூடத்தில் முதற்காரணமே பெரிது. இங்கு இரண்டாவதே பெரும்பாலும் மேலோங்கும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்து பின்னர் இந்தியச் சட்டத்தின் கீழ் வந்த புதுச்சேரியில் இந்த நிலை உருவான விதத்தைத் தெளிவாகக் காணலாம்.

புதுச்சேரி நகருக்குத் தெற்கே அரியாங்குப்பத்தில் இருந்த பிரெஞ்சுக் கோட்டையை 1748-இல் பாஸ்கவன் தலைமையிலான ஆங்கிலப் படை தாக்கியது. ஆங்கிலத் தரப்பின் மேஜர் லாரன்ஸ் அங்கே பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். பின்னர் வெடிமருந்து வெடித்ததால் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைவிட்டனர். தெற்கே கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்தது. போர்கள் ஓய்ந்தபின், 1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் பகுதிகளில் கோட்டை கட்டுவதைத் தடை செய்து, காவலுக்குத் தேவையான வீரர்களை மட்டும் அனுமதித்தது. படைக்கலம் குறைந்த அந்தக் காலத்தில் வசதி படைத்த வீடுகளுக்குள் வந்த ஆயுதம் வேட்டைத் துப்பாக்கிதான். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் ஆண்டுதோறும் வலசை வரும் நீர்ப்பறவைகளின் தங்குமிடங்கள். ரவைத் தோட்டா போடும் இரட்டைக் குழல் துப்பாக்கி அத்தகைய இடத்துக்கென்றே அமைந்தது.

அந்தத் துப்பாக்கியின் இன்றைய வடிவம் 19-ஆம் நூற்றாண்டில் பிறந்தது. குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் முறையை மாற்றி, நடுவில் மடித்துப் பின்பக்கம் தோட்டா போடும் அமைப்பைப் பாரிஸின் கசிமிர் லெஃபோஷோ 1830-களில் கொண்டுவந்தார். பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சன், டீலி இருவரும் 1875-இல் வெளிக்குதிரை இல்லாத எளிய பொறியைச் செய்தனர். உலகெங்கும் அது இன்றும் நகலெடுக்கப்படுகிறது. லண்டனின் பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்றவை பக்கத்தகட்டில் பொறி பொருத்திய விலையுயர்ந்த துப்பாக்கிகளைச் செய்தன. சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ், ஓக்ஸ், கல்கத்தாவில் மேன்டன், ராடா ஆகிய கடைகள் இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளில் தம் பெயரைப் பொறித்து விற்றன. ஆகவே குழலின் மேல் சென்னைப் பெயர் இருப்பதால் அது சென்னையில் செய்யப்பட்டது என்று கொள்ள முடியாது. பிரெஞ்சு மரபுக்குத் தலைமையிடம் சேந்த் எத்தியேன் நகரம். அங்கு 1880-களில் எழுந்த மானுஃபிரான்ஸ் நிறுவனம் ‘இதெயால்’, ‘ரொபுஸ்த்’ வகைகளைப் படவிளக்கப் பட்டியல் அச்சிட்டு அஞ்சல் வழியாகவும் விற்றது. சென்னைக் கடையின் சரக்கும் சேந்த் எத்தியேன் சரக்கும் ஒரே பெட்டிக்குள் சேர இடமிருந்த ஊர்கள் இந்தியாவில் மிகச் சில. புதுச்சேரி அவற்றில் ஒன்று.

இவற்றை மதிப்பிடுவோர் மேலே உள்ள பெயரைவிட, குழலைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பர். அளவுக்கு மிஞ்சிய மருந்து வைத்துச் சோதித்துத் தேறிய குழலில் குத்தப்படும் சோதனை முத்திரைகள் அங்கேதான் இருக்கும். லண்டன் முத்திரை ஒரு வகை, 1813-இல் தொடங்கிய பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை இன்னொரு வகை. முட்டை வடிவத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ். ‘குண்டுக்கு அல்ல’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம் இருந்தால், வாய் ஒடுக்கிய குழல் என்றும் 1875-க்கும் 1887-க்கும் இடைப்பட்டது என்றும் கொள்ளலாம். பிரான்சில் 1885-க்குப் பின் நெடுங்காலம் சோதனை கட்டாயமாக இல்லை. எனவே முத்திரை குறைந்த பிரெஞ்சுத் துப்பாக்கியைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

அடுத்தது குழலின் நிலை. இரும்பும் எஃகும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்த பழைய குழல்களில் அலை அலையாகக் கோலம் தெரியும். அழகு மிக்க இவை கரிமருந்துக் காலத்தவை. புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்படாத குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது உயிருக்கே ஆபத்து. தோட்டா அறையின் நீளமும் அத்தகையதே. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் அறை கொண்டவை; இன்று பரவலாக உள்ள 70 மில்லிமீட்டர் தோட்டா அவற்றில் நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். குழற்சுவர் 0.020 அங்குலத்துக்குக் கீழே தேய்ந்திருந்தால் விலை சட்டென்று இறங்கும். குழலைத் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். ஒலி மழுங்கினால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டை விட்டிருக்கலாம். பளபளப்புக்காக மறுபடி மெருகேற்றிச் சித்திர வேலையை மழுக்குவதுதான் வாரிசுகள் செய்யும் பெரிய கேடு. ஒருமுறை தேய்ந்த செதுக்கல் திரும்பாது.

வரிசை எண்ணும் விலைமதிப்புள்ளது. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனங்கள் பழைய ஆணைப் பேரேடுகளைக் காத்து வருகின்றன. எண்ணைக் கொண்டு எந்த ஆண்டு, யாருக்காகச் செய்யப்பட்டது என்று அறியலாம். தோல் பெட்டி, அதனுள் ஒட்டிய கடைச் சீட்டு, பழைய ரசீது எல்லாம் சேர்ந்தே ஒரு துப்பாக்கியின் வரலாறு. பெட்டியைத் தனியே பழைய பொருள் கடைக்குப் போட்டுவிடும் வீடுகளில் மதிப்பில் ஒரு பகுதி அப்போதே போய்விடுகிறது.

சட்டத்தின் கதை 1878-இல் தொடங்குகிறது. வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. எல்லைக்கு அப்பாலிருந்த புதுச்சேரி அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றது. பிரிட்டிஷ் காவல் துறைக்கு அது தீராத கவலை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியப் பிரவுனிங் கைத்துப்பாக்கியால். அவருக்குச் சுடப் பயிற்சி அளித்த வ.வே.சு. ஐயர் புதுச்சேரியில்தான் இருந்தார். அதன்பின் எல்லையில் கண்காணிப்பு இறுகியது.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு நிறைவுற்றது. அதே ஆண்டு அக்டோபர் 1-இல் 1959-ஆம் ஆண்டின் புதிய ஆயுதச் சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் புதுச்சேரியும் அதன்கீழ் வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைத் துப்பாக்கி படிப்படியாகத் தன் தொழிலையே இழந்தது. காக்க வேண்டிய பறவைகளைக் காத்த சட்டம் அது. ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் சரணாலயம் ஆனது அதன் தொடர்ச்சியே. 1980-களில் இறக்குமதியும் ஏறக்குறைய நின்றது. உள்ளே இருந்த அயல்நாட்டுத் துப்பாக்கிகள் அவற்றின் தரத்துக்குச் சற்றும் பொருந்தாத விலைக்கு ஏறின.

ஒருவர் மூன்றுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது 1983-ஆம் ஆண்டுத் திருத்தம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை இரண்டாக்கி, மிகுதியை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொன்னது. பரம்பரை ஆயுதத்துக்கும் இதே வரம்பு என்று தனியாகவே எழுதியது. தொகுப்புகளைக் கலைத்தது இந்த வரிதான். ஒன்று, இரண்டு என எண் பொறித்துச் செய்யப்படும் இணைத் துப்பாக்கிகள் சேர்ந்திருந்தால் தனித்தனி விலையின் கூட்டுத்தொகையைவிட அதிகம் பெறும். ஆனால் ஓர் இணையை வைத்துக்கொண்ட வாரிசுக்கு மூன்றாவது துப்பாக்கி கிடையாது.

புதுச்சேரியில் வாரிசுரிமையும் இருவகை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்தோரின் வழியினருக்குப் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் இன்றும் பொருந்துகிறது. மற்ற இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். எந்த வழியில் வந்தாலும் பங்கு கிடைப்பது பொருளுக்கு மட்டுமே. உரிமம் இறந்தவரோடு முடிந்துவிடும். துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்தாக வேண்டும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு புதிய உரிமம் கேட்கலாம். உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தம் வாழ்நாளிலேயே ஒரு வாரிசைக் குறித்து மாற்றித் தரவும் இடமுண்டு. இந்த வழியை எடுத்த குடும்பங்களில் சிக்கல் குறைவு.

விற்பதாயின், வாங்குவோருக்கு அந்த வகை ஆயுதத்துக்கான உரிமம் இருக்க வேண்டும். அவருடைய பெயரும் முகவரியும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்கப்பட்டு 45 நாள் கழிந்த பின்பே துப்பாக்கி கைமாறும். லண்டனுக்கு அனுப்பி விற்கலாம் என்ற எண்ணமும் எளிதில் பலிப்பதில்லை: வரலாற்று மதிப்புள்ள, நூறாண்டு கடந்த பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஆகவே, வாங்க ஆளில்லாத 16 கேஜ் அளவுப் பிரெஞ்சுத் துப்பாக்கியைவிட, தோட்டா எளிதில் கிடைக்கும் சாதாரண 12 கேஜ் அளவுத் துப்பாக்கி உள்ளூர்ச் சந்தையில் எளிதில் விலைபோகிறது. ஒப்படைக்கும் முன் முத்திரைகளையும் எண்களையும் படமெடுத்து, பெட்டியும் ரசீதும் எதற்குரியவை என்று எழுதி வைத்துக்கொள்வது வாரிசுகள் கையிலேயே இருக்கும் வேலை. காவல் நிலையக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்றில் கிடந்த குழலில் அந்த எழுத்துகள் துருவோடு போய்விடும்; பின்னர் வரும் மதிப்பீட்டாளருக்கு எஞ்சுவது அந்தப் படங்கள்தான்.